கேம் கேள்விகள்: 30, 60, 120... எவ்வளவு ஃபிரேம் போதும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எஃப்பிஎஸ் பற்றித்தான், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை படங்களை (ஃபிரேம்களை) கேம் வரைந்து காட்டுகிறது என்பது பற்றி. எனவே பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: "மனுஷக் கண்ணுக்கு 24 ஃபிரேமுக்கு மேல தெரியாது, சினிமாவே 24-லதான் ஓடுது, 60, 120 எல்லாம் விக்கிறவங்க கிளப்பிவிட்டது" என்று என் அறைத் தோழன் அடித்துச் சொல்கிறான். அவன் சொல்வது சரியா அண்ணா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: சரியில்லை தம்பி. ஆனால் நிறைய பேர் நம்புகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணின் எல்லையை யாரோ அளந்து பார்த்து, அதை வைத்து சினிமாவுக்கு 24 என்று முடிவு செய்யவில்லை. மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் ஆளுக்கு ஆள் மாறும். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்ததும், ஒலியும் படமும் பொருந்தி ஓட ஒரே சீரான வேகம் தேவைப்பட்டது. பிலிமோ விலை கூடிய சரக்கு. செலவும் கட்டுப்படியாக வேண்டும், ஒலியும் கேட்கும்படி இருக்க வேண்டும் என்று பார்த்து நிலைபெற்ற எண் அது. உன் தோழனிடம் இன்னொன்றும் சொல். பிலிம் ஓடிய தியேட்டர்களில் புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை, சிலவற்றில் மூன்று தடவை திரையில் அடித்துக் காட்டும். ஏனென்றால் விநாடிக்கு 24 முறை மட்டும் வெளிச்சம் வந்து போனால் கண் கூசும் அளவுக்குத் திரை மினுக்கும். 24-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்றால் அந்த ஏற்பாடே தேவைப்பட்டிருக்காது.

அதோடு, சினிமா கேமரா ஒரு ஃபிரேமைச் சுமார் 1/48 விநாடிக்குத் திறந்து வைத்து எடுக்கிறது. அந்த நேரத்தில் ஓடுகிற ஆள் லேசாகக் கலங்கிப் பதிவாவான், அந்தக் கலங்கல்தான் அடுத்த படத்தோடு இணைந்து ஓட்டமாகத் தெரிகிறது. கேம் வரைகிற ஃபிரேம் அப்படியில்லை, ஒவ்வொன்றும் நின்று போஸ் கொடுத்த மாதிரி கூர்மையாக இருக்கும். மோஷன் பிளர் என்று ஒரு வசதி இருக்கிறதே, அது சினிமாவின் கலங்கலைப் போலியாகச் சேர்க்கிற முயற்சிதான். அதனால் அதே 24-ஐ கேமில் வைத்தால் தத்தித் தத்தி நடக்கிறது போலத்தான் இருக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயம், சினிமாவை நாம் பார்க்கிறோம், கேமை இயக்குகிறோம். பட்டனை அழுத்தினால் அது அடுத்த ஃபிரேமிலேயே திரைக்கு வந்துவிடாது. கேம் அதைப் படித்து, கணக்குப் போட்டு, வரைந்து அனுப்ப இரண்டு மூன்று ஃபிரேம் ஆகலாம். 30-ல் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லி விநாடி, மூன்று என்றால் 100. 60-ல் அதே மூன்று ஃபிரேம் 50 மில்லி விநாடியில் முடிந்துவிடும். 30-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை விடக் கைதான் முதலில் கண்டுபிடிக்கும் என்று நான் சொல்வது இதனால்தான். 2017-ல் வந்த கப்ஹெட்டைப் பார், பழைய கார்ட்டூன் மாதிரி இருக்க வேண்டும் என்று கையால் வரைந்த அதன் உருவங்கள் விநாடிக்கு 24 படம் கணக்கில்தான் அசைகின்றன. கேமோ 60-ல் ஓடுகிறது, குதி என்றதும் குதிக்கிறது. யாரும் அதை மந்தமான கேம் என்று சொன்னதில்லை.

கண்ணுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இன்றைய எல்சிடி திரை ஒரு ஃபிரேமை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும், ஆனால் எதிரியைத் தொடர்கிற உன் கண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 1920 பிக்சல் அகலத் திரையை ஒருவன் 2 விநாடியில் கடக்கிறான் என்றால் விநாடிக்கு 960 பிக்சல். 60 ஃபிரேமில் அவன் உருவம் உன் கண்ணில் 16 பிக்சல் அளவுக்கு இழுபடும், 120-ல் 8 பிக்சல்தான். பெரிய மானிட்டர் இல்லையென்றாலும் பரவாயில்லை, 120 ஹெர்ட்ஸ் போன், அதாவது திரை விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிற போன், யாரிடமாவது இருந்தால் டிஸ்பிளே செட்டிங்ஸில் 60-க்கு மாற்றி ஏதாவது ஒரு பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், பிறகு 120-க்கு மாற்றி அதையே செய்யுங்கள், உன் தோழனே ஒப்புக்கொள்வான்.

ஒரே ஒரு விஷயத்தில் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. மேலே போகப் போகக் கிடைக்கிற லாபம் குறைந்துகொண்டே வரும். 30-லிருந்து 60-க்குப் போனால் ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி மிச்சம். 60-லிருந்து 120-க்கு 8.3, 120-லிருந்து 240-க்கு 4.2 மட்டும்தான். ஆனால் செலவு இதற்கு நேர் எதிர்த் திசையில் ஏறுகிறது.

கே: பிளஸ் டூ முடித்த என் மகன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிக் கொடுத்தால்தான் ஆச்சு என்கிறான். இப்போதிருக்கும் மானிட்டரால்தான் தோற்கிறானாம். வாங்கலாமா?
– குடும்பத் தலைவி, திருச்சி

ப: உங்கள் மகன் சொல்வதில் உண்மையும் இருக்கலாம் அம்மா, ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அவன் விளையாடும்போது திரையின் மூலையில் எஃப்பிஎஸ் எண் தெரியும்படி வைக்கச் சொல்லி, கூட்டமாகச் சண்டை நடக்கிற நேரத்தில் அது எவ்வளவு காட்டுகிறது என்று நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். 50, 60 என்று இருந்தால் புது மானிட்டரால் பெரிதாகப் பயனில்லை. கம்ப்யூட்டர் வரைகிற படங்களைக் காட்டுவதுதான் மானிட்டரின் வேலை, வராத படத்தை அது எங்கிருந்து காட்டும்? 130, 150 என்று ஓடினால் இப்போதைய 60 ஹெர்ட்ஸ் திரை பாதிக்கு மேல் வீணாக்குகிறது என்று பொருள், அப்போது அவன் கேட்பது நியாயம்.

எந்த கேம் என்பதையும் கேளுங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் மாதிரி ஒரு நொடியில் முடிவாகிற துப்பாக்கிச் சண்டை என்றால் 144-க்கு நிச்சயம் பலன் உண்டு. அந்தப் போட்டிகளில் மேடையேறுகிறவர்கள் 240-ம் அதற்கு மேலும் வைத்து ஆடுகிறார்கள். வாலரன்ட் சாதாரண கம்ப்யூட்டரிலும் வேகமாக ஓடும்படி செய்த கேம் என்பதால் அவனுடையதே போதுமானதாக இருக்கலாம். கதை கேமோ, செஸ்ஸோ, சிவிலைசேஷன் மாதிரி யோசித்து யோசித்து ஆடுவதோ என்றால் இப்போது தேவையில்லை.

வாங்கி வந்த பிறகு விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பகுதியில் 144-ஐ அவனே தேர்வு செய்ய வேண்டும். இது தெரியாமல் பல வீடுகளில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாதக்கணக்கில் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

கே: பிஜிஎம்ஐ-யில் (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) 90 எஃப்பிஎஸ் வைத்து ஆடுகிறேன். முதல் மேட்ச் வெண்ணெய் மாதிரி போகிறது, மூன்றாவது மேட்ச்சில் லேக் அடிக்க ஆரம்பிக்கிறது. நெட்டை மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகர், காரைக்குடி

ப: முதலில் உங்களுக்கு வருவது எந்த லேக் என்று பிரித்துப் பாருங்கள். நெட் சிக்கல் என்றால் பிங் எண், அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம், சிவப்பாகும், எதிரி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவான், சுட்ட குண்டு படாது, ஆனால் நீங்கள் கேமராவைச் சுற்றும்போது காட்சி மட்டும் வழுவழுவென்று திரும்பும். ஃபிரேம் சிக்கல் என்றால் கேமராவைச் சுற்றுவதே வெட்டி வெட்டிப் போகும். முதல் மேட்ச் நன்றாக இருந்து மூன்றாவதில் தொடங்குகிறது என்றால் இது சூடுதான். போனுக்குள் ஃபேன் கிடையாது. சிப் ஒரு அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உங்கள் 90 சட்டென்று 55-க்கு இறங்கி மறுபடி 80-க்கு ஏறி மறுபடி இறங்கும். கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து ஆடினால் இது இன்னும் சீக்கிரம் வரும்.

கிராபிக்ஸை ஸ்மூத்தில் வைத்து, ஃபிரேம் ரேட்டை எக்ஸ்ட்ரீமுக்கு, அதாவது 60-க்கு இறக்குங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, காசு கொடுத்து வாங்கிய போனில் 90 எதற்கு இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஸ்பிரே அடிக்கும்போது, அதாவது நிறுத்தாமல் சுடும்போது, கை பழகியிருப்பது ஒரு தாளத்துக்கு. துப்பாக்கி மேலே உதறுவதை இவ்வளவு இழுத்தால் அடங்கும் என்று விரல் கற்றுக்கொண்டிருக்கும்போது ஃபிரேம் ஏறி இறங்கினால் அந்தப் பழக்கமே குழம்பிவிடுகிறது. கடைசி வட்டம் வரை அசையாத 60, பாதி வழியில் தடுமாறும் 90-ஐ விட எனக்கு எத்தனையோ மேல். சார்ஜ் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள், பின்கவரைக் கழற்றிவிடுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். இதற்குப் பிறகும் 60 நிலையாக நின்று போனும் அவ்வளவாகச் சூடாகவில்லை என்றால் அப்போது 90-ஐ முயன்று பாருங்கள்.

கே: யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு சின்ன கேம் செய்திருக்கிறேன். என் பழைய லேப்டாப்பில் நாயகன் சரியான வேகத்தில் ஓடுகிறான், நண்பரின் கம்ப்யூட்டரில் மூன்று மடங்கு வேகத்தில் பறக்கிறான். என்ன தப்பு?
– பொறியியல் மாணவி, கோவை

ப: இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உங்கள் நிரலின் அப்டேட் பகுதி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு முறை ஓடும். அங்கே "இத்தனை தூரம் நகர்" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள், அதனால் 50 ஃபிரேம் வரைகிற லேப்டாப்பில் விநாடிக்கு 50 தடவை நகர்கிறான், 150 வரைகிற இயந்திரத்தில் 150 தடவை. வேகத்தை டைம்.டெல்டாடைமால் பெருக்குங்கள், போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதை அது தரும். மவுஸ் அசைவை மட்டும் அப்படிப் பெருக்காதீர்கள், அது ஏற்கெனவே அந்த ஃபிரேமுக்குள் நகர்ந்த தூரம்தான். விசை, மோதல் போன்ற இயற்பியல் வேலைகளை ஃபிக்ஸ்டுஅப்டேட்டில் வையுங்கள். மாற்றாமல் விட்டால் அது 0.02 விநாடிக்கு ஒரு முறை, விநாடிக்கு 50 தடவை, எந்த இயந்திரத்திலும் ஒரே கணக்கில் நடக்கும்.

இதில் பெரிய நிறுவனங்களே சிக்கியிருக்கின்றன. நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ் 2013-ல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 30-ல் பூட்டியிருந்தார்கள், பூட்டை உடைத்து 60 ஆக்கியவர்களுக்கு கேமே இரட்டை வேகத்தில் ஓடியது. டார்க் சோல்ஸ் 2-ல் 60 ஃபிரேமில் ஆடினால் ஆயுதம் சீக்கிரம் தேய்ந்து உடைந்தது. 1999-ல் வந்த குவேக் 3-ல் கணக்கை முழு எண்ணாக்கும் விதத்தால் 125 ஃபிரேமில் ஆடுபவர் கொஞ்சம் அதிக உயரம் குதிக்க முடிந்தது, விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் 125-லேயே நின்றார்கள். ஐரோப்பாவில் டிவி 50 ஹெர்ட்ஸ் என்பதால், 60-க்கு எழுதிய முதல் சோனிக் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது.

எல்லாவற்றுக்கும் முன்னால் 1978-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். டோமோஹிரோ நிஷிகாடோ எழுதிய அந்த கேமில் வேற்றுக்கிரகவாசிகள் சாகச் சாக மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அந்த இயந்திரத்தால் மிச்சத்தைச் சீக்கிரம் நகர்த்த முடிந்தது. ஆட்டத்தின் பரபரப்பே அதில் இருப்பதைப் பார்த்து அவர் அப்படியே விட்டுவிட்டார். உங்கள் கேமில் வேகம் மாறுவது நீங்கள் விரும்பி வைத்ததாக இருந்தால் மட்டும் விடுங்கள்.

கே: பிஎஸ்5-ல் "குவாலிட்டி", "பெர்ஃபார்மன்ஸ்" என்று இரண்டு கேட்கிறது. எதை வைப்பது?
– வாசகர், கோலாலம்பூர்

ப: பெர்ஃபார்மன்ஸ். அதில் ஃபிரேம் கூடும். நிழலும் தண்ணீரில் தெரியும் பிம்பமும் கொஞ்சம் குறையும், அதைச் சீக்கிரம் மறந்துவிடுவீர்கள். உங்கள் டிவி 120 ஹெர்ட்ஸ் என்றால் சில கேம்களில் 40 ஃபிரேம் வழி ஒன்றும் உண்டு, ராட்செட் அண்டு கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டில் இருக்கிறது, அதைக் கட்டாயம் பாருங்கள். 40 என்றால் ஏதோ 30-க்குப் பக்கத்தில் என்று தோன்றும். ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் 30-க்கு 33.3, 60-க்கு 16.7, 40-க்கு 25 மில்லி விநாடி, அதாவது சரியாக நடுவில் நிற்கிறது, படத்தின் அழகும் பெரிதாகக் குறைவதில்லை. 60 ஹெர்ட்ஸ் டிவியில் 40 சரியாகப் பங்கு பிரியாது, அதனால்தான் 120 வேண்டும்.

30-ல் மட்டுமே ஓடும் கேம் என்றால் அதற்காக ஒதுக்க வேண்டாம். 1998-ல் வந்த ஆகரினா ஆஃப் டைம் 20 ஃபிரேமில்தான் ஓடியது, இன்றும் கொண்டாடுகிறார்கள். பிளட்போர்னில் ஆட்களுக்கு எரிச்சல் தந்தது 30 என்ற எண் மட்டுமல்ல, அந்த 30-ம் சம இடைவெளியில் வராததுதான்.

கே: புது கிராபிக்ஸ் கார்டுகளில் ஏஐ ஃபிரேம்களைச் சேர்த்து 60-ஐ 200 ஆக்குகிறதாமே, அப்படியென்றால் இனி விலை குறைந்த கார்டே போதுமா?
– வாசகர், மதுரை

ப: போதாது சார். நிஜமாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் கார்டு தானாகச் சிலவற்றை உருவாக்கிச் செருகுகிறது. கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா இதை 2022-ல் டிஎல்எஸ்எஸ் 3 என்ற தன் தொழில்நுட்பத்தில் கொண்டுவந்தது. கண்ணுக்கு ஓட்டம் வழுவழுப்பாகத் தெரியும், அது உண்மைதான். ஆனால் உங்கள் கை கொடுக்கிற கட்டளையை கேம் நிஜ ஃபிரேமில்தான் படிக்கிறது, நடுவில் செருக அடுத்த நிஜ ஃபிரேம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. அதனால் 60-லிருந்து 120 காட்டினாலும் கைக்கு 60-தான், சில சமயம் அதற்கும் கொஞ்சம் பின்னால். நிஜமாக 60-க்கு மேல் ஓடுகிற கதை கேமில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். 25, 30-ல் திணறுகிற கேமில் போட்டால் படம் மட்டும் ஓடும், கை சேற்றில் மாட்டிய மாதிரிதான் இருக்கும். வாலரன்ட் மாதிரியான போட்டி கேம்களுக்கு இது வேண்டவே வேண்டாம். கார்டு வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, இந்த வசதியை அணைத்த நிலையில் உங்கள் கேமில் எத்தனை வருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.