மருந்து ஆய்வில் சேரும் முன் மாத்திரைக் கணக்கைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி. எங்கள் ஊர் மருத்துவமனையில் தலைவலி வராமல் தடுக்கும் புதிய மருந்துக்கான ஆய்வில் சேர அழைக்கிறார்கள். சோதனை எலியாகிவிடுவேனோ, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கிடைத்துவிடுமோ, மூளையில் கட்டி இருக்குமோ என்றெல்லாம் பயம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சரியாகவே இருக்கிறது. மெடிக்கலில் வாங்கும் மாத்திரையை மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் போடுகிறேன். அதைச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்கிறார்கள். சொல்லாமல் விடலாமா?

பதில்: விடக் கூடாது. நீங்கள் அடுக்கியிருக்கும் பயங்கள் எதுவும் என்னை அவ்வளவாகக் கலங்கவைக்கவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தப் பதினெட்டு, இருபது நாள்தான் கலங்கவைக்கிறது.

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள எர்காட்டமைன், டிரிப்டான் வகைகளையும் பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால், வலியைத் தீர்க்க வாங்கிய மாத்திரையே வலியை வளர்க்கத் தொடங்கிவிடலாம். என்னிடம் வந்த ஒருவர் கைப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றிலும் வேறு வேறு பெயர், பின்பக்கம் திருப்பிப் படித்தால் மூன்றிலும் பாராசிட்டமால், இரண்டில் எர்காட்டமைன். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே விழுங்கிவந்திருக்கிறார். எர்காட்டமைன் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது, டிரிப்டானும் அப்படியே. வலி நாளுக்கென்று ஆய்வில் டிரிப்டான் அனுமதிக்கப்பட்டிருந்து, எர்காட்டமைன் போட்ட 24 மணி நேரத்துக்குள் நீங்கள் அதையும் போட்டால், இதயத்துக்கே ஆபத்து நேரலாம். ஆய்வு மருத்துவருக்குத் தெரியாத மாத்திரையிலிருந்து அவரால் உங்களைக் காப்பாற்ற முடியாது. இப்போதைக்குச் சேர்க்க முடியாது என்று அவர் சொன்னாலும் நஷ்டமில்லை. மாத்திரைப் பழக்கத்தை மருத்துவர் மேற்பார்வையில் விட்டாலே பலருக்குத் தலைவலி நாட்கள் குறைந்துவிடுகின்றன. நிறுத்திய முதல் சில நாட்களில் வலி கூடும் என்பதால் நீங்களாக நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

கட்டி பற்றிய பயத்தை, ஸ்கேன் சரியாக இருக்கும்போது, இணையத்தில் தேடித் தேடி வளர்க்காதீர்கள். வெற்று மாத்திரை யாருக்குப் போகிறது என்பது குலுக்கல் போல முடிவாவது. இத்தகைய தடுப்பு மருந்து ஆய்வுகளில் வலி வரும் நாளுக்கு அனுமதித்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளப் பொதுவாகத் தடையிருக்காது.

சோதனை எலிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை கிடையாது, உங்களுக்கு உண்டு. எந்த நாளிலும் காரணம் சொல்லாமலே விலகலாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வில் சேர்ந்தவருக்குப் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், அது ஆய்வினால் வந்தது என்றால் இழப்பீடும் தர வேண்டும். ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் நன்னெறிக் குழுவின் ஒப்புதலையும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணையும் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்கு எடுத்துவந்து, நிதானமாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்றிலிருந்தே ஒரு நோட்டில் வலி வந்த நாள், போட்ட மாத்திரை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவையுங்கள். போகும்போது நோட்டுடன் காலி அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.