பிரஸ் ஷாப் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த மகனுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகடுகளை மெஷினில் அடித்துப் பாகம் செய்யும் பட்டறையில், வேலை வந்திருக்கிறது, அண்ணன் மகனுக்கு இதே மாதிரி வேலையில் இரண்டு விரல் போனதால் அனுப்பப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸாகவும் (தொழில் பழகுநராகவும்) கூப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் அங்கே பணம் குறைவு என்கிறீர்கள்.

பிரஸ் வேலை என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்தக் கம்பெனி எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் சரி என்றும் சொல்லாதீர்கள். ஒரே தொழிற்பேட்டையில், ஒரே தெருவில், ஒரே மாதிரி பாகம் அடிக்கும் இரண்டு பட்டறைகளில் ஒன்றில் வருடக்கணக்காக யாருக்கும் ஒன்றும் ஆகாது, இன்னொன்றில் அடிக்கடி ஆம்புலன்ஸ் நிற்கும். வித்தியாசம் வேலையில் இல்லை, மெஷினிலும் அதை நடத்துகிறவரிடமும் இருக்கிறது.

பிரஸ்ஸில் விரல் ஏன் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தகட்டை டை என்ற அச்சுக்குள் வைத்து மிதியை மிதித்தால், ராம் என்ற கனமான மேல் பாகம் இறங்கி அடிக்கும். அடித்த பீஸை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை இதே வேலை. கை உள்ளே போவதும் கால் மிதிப்பதும் ஒரு தாளத்தில் தானாக ஓடும். அந்தத் தாளம் ஒரு தடவை தப்பினால் போதும்.

பழைய சி-ஃப்ரேம் பிரஸ்களில் கீ கிளட்ச் அல்லது பின் கிளட்ச்தான் பெரும்பாலும் இருக்கும். மிதித்ததும் சுற்றும் சக்கரத்தோடு ராமை இணைப்பதுதான் கிளட்ச். கிளட்ச் பிடித்துவிட்டால் ராம் முழுச் சுற்றை முடித்துத்தான் நிற்கும், நடுவில் யாராலும் நிறுத்த முடியாது. கிளட்ச் பாகம் தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ மிதிக்காமலே இன்னொரு தடவை இறங்கும். ‘டபுள் அடிக்குது’ என்று ஆபரேட்டர்கள் சொல்வது இதைத்தான். அப்படிப்பட்ட மெஷினில் விரல் போனாலும் ரிப்போர்ட்டில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிவிடுவது வழக்கம். அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. எட்டு மணி நேரமும் ஒரு நொடிகூடக் கவனம் சிதறாத மனிதன் யாரும் பிறக்கவில்லை. மனிதன் தப்புச் செய்வான் என்று தெரிந்துதான் மெஷினுக்குக் கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு, போடச் சொல்கிறார்கள்.

எங்கள் கம்பெனியில் சென்சார் இருக்கிறது என்று சொல்வார்கள். எந்த பிரஸ்ஸில் என்று உங்கள் மகன் கேட்கட்டும். காற்றழுத்தத்தில் ஓடும் நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ்ஸிலும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும் கை குறுக்கே வந்தால் சென்சார் ராமை நிறுத்திவிடும். கீ கிளட்ச் பிரஸ்ஸில் அதே சென்சார் வெறும் அலங்காரம். நிறுத்த முடியாத ராமை அது எப்படி நிறுத்தும்? அங்கே தேவை, தகடு மட்டும் நுழையும், விரல் நுழையாத நிலையான கார்டு. அதோடு பீஸை எடுக்கக் காந்தமோ இடுக்கியோ வேண்டும். ஃபிட்டர் படித்த பையனுக்கு இந்த வித்தியாசம் ஒரு பார்வையில் புரியும்.

அதனால் சேருவதற்கு முன்பு ஷாப் ஃப்ளோரை ஒரு தடவை பார்க்கலாமா என்று அவன் கேட்கட்டும். காட்ட மாட்டேன் என்றால் அதுவே பாதி பதில். உள்ளே போனால், இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றை டேப் போட்டோ குச்சி சொருகியோ நிரந்தரமாக அழுத்தி வைத்திருக்கிறார்களா, ஃப்ளைவீலும் பெல்ட்டும் மூடியிருக்கிறதா, டை மாற்றும்போது மெயினை அணைத்து, ராமுக்குக் கீழே முட்டுக் கொடுக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். டை செட்டிங் நேரத்தில் நடக்கும் விபத்துகள் கொஞ்சநஞ்சமில்லை. அங்கே பத்து வருடமாக இருப்பவர்களின் கைகளையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சுவரில் இருக்கும் போர்டுகளை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்துக்குப் பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுக்கும் கம்பெனியிலேயே மறுநாள் டார்கெட் முடியவில்லை என்று கார்டைக் கழற்றச் சொல்வார்கள். அதைவிட வாசலில் இருக்கும் டீக்கடை நம்பகமானது. ஷிப்ட் எட்டு மணி நேரமா பன்னிரண்டா, பிரஸ்ஸில் நிற்பது பழைய ஆட்களா, போன வாரம் வந்த கான்ட்ராக்ட் பையன்களா என்று அங்கே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது காகிதம். இதில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். ‘ட்ரெயினியாகச் சேர்க்கிறோம்’ என்று சொன்னால், சட்டப்படியான அப்ரண்டிஸா, பேருக்கு ட்ரெயினியா, இரண்டில் எது என்று கேளுங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி என்றால் ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட அப்ரண்டிஸுக்குத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் பயிற்சியில் காயம்பட்டால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அவனை ஓ.டி. பார்க்க வைக்கவும் முடியாது.

அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை, பேருக்குத்தான் ‘ட்ரெயினி’ என்றால், சட்டத்தின் கண்ணில் அவன் தொழிலாளி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யில் சேர்த்தாக வேண்டும். சம்பளத்தில் அவன் பங்கு 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம். இ.எஸ்.ஐ. எண் சேர்ந்த உடனே கையில் வர வேண்டும், மூன்று மாதம் போகட்டும் என்ற பேச்சே கூடாது. சாதாரண உடம்பு சரியில்லை என்றால் பணம் கிடைக்க இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு அந்தக் கணக்கு இல்லை, முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. குணமாகி வரும்வரை கிட்டத்தட்ட 90 சதவீதச் சம்பளம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். அப்ரண்டிஸ் ஒப்பந்தமும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை என்றால், சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் அனுப்ப வேண்டாம்.

நியமனக் கடிதமும் வாங்கச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தில் அது ஒவ்வொரு தொழிலாளிக்கும் கட்டாயம். பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. சேஃப்டி ஷூவுக்கு முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தால் அது தப்பு.

இனி தம்பிக்கு. இந்தப் பகுதியை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, புதிதாகச் சேர்ந்த முதல் சில மாதங்களில்தான் அடிபடும் வாய்ப்பு அதிகம். உலகம் முழுக்க இதே கதைதான். அந்த மெஷினின் குணம் உனக்குத் தெரியாது, கேட்கக் கூச்சமாக இருக்கும், நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற அவசரம் வேறு. நைட் ஷிப்டில் ஆள் வரவில்லை என்று நீ தொட்டே பார்க்காத மெஷினில் உன்னை நிற்கச் சொல்வார்கள். அப்போது சொல்ல வேண்டியதை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்: “சார், இந்த மெஷின் எனக்குப் பழக்கமில்ல. பக்கத்துல நின்னு ஒரு தடவ காட்டுங்க, செய்யறேன்.” எதிர்த்துப் பேசியது ஆகாது, வேலை செய்ய மாட்டேன் என்றும் ஆகாது. நல்ல சூப்பர்வைசர் கோபப்பட மாட்டார். கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டு என்றால் மட்டும் முடியாது என்று சொல். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று தோன்றினால் அதை நிர்வாகத்திடமும் அரசு ஆய்வாளரிடமும் சொல்லத் தொழிலாளிக்குச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது. சென்னையில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது, மாவட்டங்களிலும் அதன் அலுவலகங்கள் உண்டு. புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது.

பிரஸ்ஸை விட்டு வேறு மெஷினுக்கு மாற்றினாலும் ஐ.டி.ஐ.யில் வாத்தியார் சொன்னதை மறக்காதே. லேத்திலும் டிரில்லிங்கிலும் கையுறை கூடாது, கையுறை நுனி மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடாதே. சீவி வரும் உலோகச் சுருளைக் கையால் இழுக்காதே, கொக்கி எடு. கிரைண்டரில் புதுக் கல் மாட்டினால் முதல் ஒரு நிமிடம் கல்லுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று ஓடவிடு. நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக் எடுக்காதே.

அம்மா, நடக்கக் கூடாது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராக விரலில் பட்டால் திசு கெட்டுவிடும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. சில முதலாளிகள் பக்கத்து நர்சிங் ஹோமில் காட்டி, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ‘வீட்டில் அடிபட்டது’ என்று சொல்லிவிடுங்கள் என்பார்கள். அப்போதைக்கு உதவி மாதிரிதான் தெரியும். ஆனால் மருத்துவமனையின் விபத்துப் பதிவான ஏ.ஆர். காப்பியில் அப்படிப் பதிந்துவிட்டால் பிறகு இழப்பீடு கேட்கக் கையில் ஒன்றும் இருக்காது. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், கம்பெனியின் விபத்துப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். உங்கள் அண்ணன் மகனுக்கு அப்போது இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் கிளை அலுவலகத்தில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவ வாரியம் சதவீதம் நிர்ணயித்து, அதன்படி ஆயுள் முழுக்க மாதத் தொகை வரும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டில் எது என்று கேட்டால் ஒரகடம் அப்ரண்டிஸ்தான் என் விருப்பம், பதிவான ஒப்பந்தம் என்றால். இப்போது கையில் வருவது குறைவுதான். ஆனால் முதல் வருடத்தில் ஒழுங்கான இடத்தில் பழகியவனுக்கு, பின்னால் எந்தப் பட்டறைக்குப் போனாலும் தப்பாக இருப்பது உடனே கண்ணில் படும். முடிவில் தேர்வு எழுதி வாங்கும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு. திருமுடிவாக்கம் கம்பெனி நான் சொன்னதிலெல்லாம் தேறிவிட்டால் அங்கே போவதிலும் தப்பில்லை.

‘பத்து நாளில் சேஃப்டி ஆபீசர்’ என்று ஒரு விளம்பரத்தை அனுப்பி, இதில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டத்தின்படி 500 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையிலும், அபாயகரமான தொழில் என்றால் 250 பேரோ அதற்கு மேலோ இருந்தாலும் பாதுகாப்பு அலுவலர் வேண்டும், அதனால் வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு இன்ஜினியரிங் டிகிரியோ டிப்ளமோவோ முடித்து, சில வருடம் தொழிற்சாலையில் மேற்பார்வை அனுபவம் பெற்று, அதன்பின் தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்துவது போன்ற ஒரு வருடத் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ படிக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். தம்பிக்கு இதில் உண்மையிலேயே ஆசை இருந்தால் அப்ரண்டிஸ் வருடம் முடிந்ததும் அந்த வழியில் போகட்டும், அதற்கான விண்ணப்பம் எப்போது வருகிறது என்று ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பாலிடெக்னிக்கில் இப்போதே கேட்டு வையுங்கள்.