ஜாப் லாக்கைக் கையோடு எடுத்துப் போங்கள்

கேள்வி: ஒன்பது வருடமாக ஐபிஎம் ஐ என்ற வணிகக் கணினி அமைப்பில் ஆர்பிஜி மொழியில் ப்ரோகிராம் எழுதி வருகிறேன். எங்கள் குழுவில் இரண்டே பேர். இன்னொருவர் என் சீனியர், இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். தொழில் விஷயமாகப் பேச அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. இந்த வருடம் ஒரு மாநாட்டுக்கு அனுப்ப மேனேஜர் சம்மதித்திருக்கிறார். திரும்பி வந்து அறிக்கை தர வேண்டுமாம். சீனியரோ, "அதெல்லாம் சரக்கு விற்கிறவர்களின் சந்தை. நம் ப்ரோகிராம் கோடைப் பற்றி அங்கே வாயே திறக்காதே" என்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம் வலியப் போய்ப் பேசும் சுபாவமும் எனக்குக் கிடையாது. எல்லாமே வீடியோவாகக் கிடைக்கிற காலத்தில் நேரில் போய்த்தான் ஆக வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: போங்கள். என்னைப் போல மட்டும் போகாதீர்கள்.

என் முதல் மாநாட்டில் மூன்று நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு நாளுக்கு ஐந்து அமர்வு. ஒரு முழு நோட்டுப் புத்தகத்தை எழுதித் தீர்த்தேன். ஊர் திரும்பிய பிறகு அதை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. உருப்படியாக நான் கொண்டுவந்தது ஒரே ஒரு விஷயம். அதுவும் எந்த அமர்விலும் கிடைத்ததல்ல.

அப்போது இரவில் மொத்தமாக ஓடும் எங்கள் பேட்ச் வேலை நாலு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், சும்மா பேச்சுக்கு, "உங்கள் இடத்தில் எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?" என்று கேட்டார். நானும் சொன்னேன். ஆர்டரின் ஒவ்வொரு வரிக்கும் விலை கணக்கிட ஒரு ப்ரோகிராமை அழைக்கிறோம், அதில் ஐந்து ஃபைல்கள் என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி: "அந்த ப்ரோகிராம் முடியும்போது எல்ஆர் ஆன் ஆகிறதா?"

எல்ஆர் என்பது வேலை முழுசாக முடிந்தது என்று ஆர்பிஜிக்குச் சொல்லும் ஒரு குறி. ஆமாம், ஆகிறது. எல்லா ப்ரோகிராமும் அப்படித்தானே முடியும் என்று நினைத்திருந்தேன். அவர் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் ஐந்து பெட்டிகள் வரைந்து விளக்கினார். எல்ஆர் ஆன் ஆனால் ப்ரோகிராம் முழுசாக மூடிக்கொள்ளும், ஐந்து ஃபைலும் கூடவே மூடும். அடுத்த வரிக்கு அழைக்கும்போது ஐந்தையும் திரும்பத் திறக்க வேண்டும். ஒரு லட்சம் வரி என்றால் ஐந்து லட்சம் தடவை திறந்து ஐந்து லட்சம் தடவை மூடுகிறோம். எல்ஆரை எடுத்துவிட்டு வெறும் ரிட்டர்ன் போட்டால் போதும், ஃபைல்கள் திறந்தபடியே காத்திருக்கும்.

திரும்பி வந்த மறுநாளே மாற்றினேன். நாலு மணி நேரம் நாற்பது நிமிடத்துக்குள் வந்தது. இரண்டு நாள் நான்தான் ராஜா. மூன்றாம் நாள், ஒரு வாடிக்கையாளரின் தள்ளுபடி அவருக்கு அடுத்த வாடிக்கையாளருக்கும் போயிருப்பது தெரிந்தது. எல்ஆர் இல்லாமல் திரும்பினால் வேரியபிள்களும் பழைய மதிப்போடு அப்படியே இருக்கும். ஒவ்வொரு அழைப்பின் ஆரம்பத்திலும் நாம்தான் துடைத்துவிட வேண்டும். மாநாட்டில் யோசனை சொன்னவருக்கு எழுதினேன். "அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்கள் அடுத்த அமர்வுக்கு ஓடிவிட்டீர்கள்" என்று பதில் வந்தது. இன்றுவரை அவரோடு தொடர்பில் இருக்கிறேன்.

வீடியோ பற்றிய உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். நெடுவரிசைக் கட்டுப்பாடு இல்லாத ஃப்ரீ ஃபார்ம் ஆர்பிஜி எழுதுவது எப்படி என்பதை வீடியோவில் தாராளமாகக் கற்கலாம். ஆனால் "எல்ஆர் ஆன் ஆகிறதா?" என்று உங்களைத் திருப்பிக் கேட்க வீடியோவால் முடியாது. எனக்கு எதைக் கேட்க வேண்டும் என்றே அப்போது தெரியவில்லை. இந்தக் கணினியில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் உங்களைப் போல ஒருவர் இருவராகத்தான் இருக்கிறார்கள். பத்து வருடம் தவறாகச் செய்தாலும் தட்டிக்கேட்கப் பக்கத்து மேஜையில் ஆள் இருப்பதில்லை.

சீனியர் சொல்வதற்கு வருகிறேன். விற்பனைக்காரர்கள் இருப்பார்கள் என்பது உண்மை. கண்காட்சிக் கூடத்தில் உங்கள் அடையாள அட்டையை ஸ்கேன் செய்ய நீட்டிய கையோடு நிற்பார்கள். அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கூட்டங்களை ஆரம்பித்தவர்கள் விற்பனைக்காரர்கள் அல்ல, வாங்கியவர்கள். காமன் என்ற பயனர் சங்கம் 1960-ல் தொடங்கியது. ஐபிஎம் ஐ-யின் முன்னோடியான ஏஎஸ்400 வந்ததோ 1988-ல். சங்கம் கணினியை விட 28 வயது மூத்தது! அமெரிக்காவில் அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பெரிய மாநாட்டின் பெயர் இப்போது பவர்அப். ஐரோப்பாவில் காமன் யூரோப்பின் மாநாடு இருக்கிறது. இவை தவிர, மாதம் ஒரு மாலை கூடிக் கலையும் சின்னச் சின்ன உள்ளூர்ச் சங்கங்களும் உண்டு. கூச்ச சுபாவம் என்கிறீர்களே, உங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதற்குப் போய்ப் பாருங்கள். முப்பது பேர் கூடுகிற இடத்தில் வாய் தானாகத் திறக்கும்.

கோடை வெளியே காட்டக் கூடாது என்ற பயத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1955-ல் ஐபிஎம் 704 வாங்கியவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கூடி ஷேர் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் விமானத் தயாரிப்பு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் நேர்ப் போட்டியாளர்கள். ஒரே மாதிரியான கணக்கு ரூட்டீன்களை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது வீண் என்று அவர்களுக்குப் புரிந்தது. சங்கத்துக்கு வைத்த பெயரே 'பகிர்' என்றுதான். விமானத்தின் வரைபடத்தை யாரும் பகிரவில்லை. வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் கோடைப் பகிர்ந்தார்கள்.

உங்களுக்கும் அதே எல்லைதான். வாடிக்கையாளர் பெயர், விலைப் பட்டியல், யூசர் ப்ரொஃபைல், ப்ரோகிராம்களும் ஃபைல்களும் இருக்கும் லைப்ரரியின் நிஜப் பெயர், ஐபி முகவரி, இவை எதுவும் வெளியே போகக் கூடாது. பிரச்சினையின் வடிவம் போகலாம். எதைப் பேசலாம் என்று மேனேஜரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; சீனியருக்கும் நிம்மதி.

இனி, கையில் என்ன எடுத்துப் போவது என்று பார்ப்போம். ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துப் போங்கள். அதைச் சுருக்குவதில்தான் முக்கால்வாசி வேலை. மூவாயிரம் வரி ப்ரோகிராமை யாரும் நின்று படிக்க மாட்டார்கள். மூன்று ஃபீல்டு உள்ள ஒரு ஃபைல், கற்பனையான ஐந்து ரெக்கார்டு, தப்பு நடக்கிற நாற்பது வரி. அவ்வளவுக்குள் அதே பிழையை வரவழைக்கப் பாருங்கள். அலுவலகக் கணினியில் செய்யத் தயக்கம் என்றால் பப்400 என்று ஒரு பொது ஐபிஎம் ஐ இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இலவசமாகவே கணக்குத் தருகிறார்கள். சுருக்கும்போதே பாதிப் பிழைகள் பிடிபட்டுவிடும். அப்படிப் பிடிபட்டால் கவலைப்படாதீர்கள், அடுத்த பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜாப் லாக், அதாவது ஒரு வேலை ஓடும்போது கணினி எழுதிவைக்கும் செய்திகளின் பதிவு. இதை அழுத்திச் சொல்கிறேன். "ஏதோ எரர் வருகிறது" என்று ஆரம்பித்தால் கேட்கிறவர் கண்ணில் ஒளி மங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் உள்ள விரிவான இரண்டாம் நிலை விளக்கத்தோடு ஜாப் லாக்கை அச்சடித்து, பெயர்களை மையால் அடித்துவிட்டுக் கொண்டுபோங்கள். உதாரணத்துக்கு, சிபிஎஃப் 4131 என்ற பிழை எண்ணைப் பார்த்ததும் அனுபவசாலி, "ஃபைலில் ஃபீல்டு சேர்த்தீர்கள், இந்த ப்ரோகிராமைத் திரும்பக் கம்பைல் பண்ணவில்லை" என்பார். அடுத்த கேள்வியாக, "லெவல் செக்கை அணைத்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். ஆமாம் என்றால் ஒரு சின்னப் பெருமூச்சு வரும். ஃபைலும் ப்ரோகிராமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அந்தச் சோதனையை அணைப்பது புகை மணியின் பேட்டரியைக் கழற்றுவது மாதிரி. சத்தம் நின்றுவிடும், அவ்வளவுதான்.

கூச்சத்துக்கும் இந்தக் காகிதம்தான் மருந்து. "வணக்கம், நான் இன்னார்" என்று ஆரம்பிக்க எனக்கும் இன்றுவரை நாக்கு ஒட்டிக்கொள்ளும். "இதைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று ஒரு தாளை நீட்டுவது சுலபம். இந்தத் துறைக்காரர்களுக்கு அடுத்தவர் ஜாப் லாக் கையில் கிடைத்தால் விட மனம் வராது. பேச்சாளர்களை மேடையிலிருந்து இறங்கியவுடன் மொய்க்காதீர்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தனியாக நிற்கும்போது பிடியுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: நீங்கள் ஏஎஸ்400 என்று சொன்னால் திருத்துவதற்கென்றே சிலர் இருப்பார்கள். 2000-ல் ஐசீரிஸ், 2006-ல் சிஸ்டம் ஐ, 2008-லிருந்து ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிக்கொண்டே வந்ததில் அவர்களுக்கு ஒரு பிடிவாதம். சிரித்துவிட்டு மேலே பேசுங்கள்.

அமர்வுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? எதிர்காலத் திட்டம் என்று படம் காட்டுவதெல்லாம் பின்னால் எழுத்தில் வந்துவிடும். கையால் செய்து பார்க்கும் லேப் இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். உங்கள் வேலையை வைத்துப் பார்த்தால் கணினியின் நிலையை டேட்டாபேஸ் மொழியிலேயே கேட்க உதவும் எஸ்க்யூஎல் சேவைகள் பற்றிய அமர்வு ஒன்றைத் தவறவிட வேண்டாம். எந்த ஜாப் சிபியுவைத் தின்கிறது என்று பார்க்க இன்னும் பழைய பச்சை எழுத்துத் திரையில் எஃப்5 அழுத்திக்கொண்டிருப்பீர்கள். அதையே ஒரு செலக்ட் வாக்கியத்தில் கேட்டு ரிப்போர்ட்டாக எடுக்கலாம். நெடுவரிசைக் கட்டுப்பாட்டோடு எழுதிய பழைய ஆர்பிஜியை ஃப்ரீ ஃபார்முக்கு மாற்றுவது பற்றியும் நிறையப் பேசுவார்கள். அது 2001-லேயே கணக்கீட்டு வரிகளுக்கு வந்துவிட்டது, 2013-ல் ஃபைல், டேட்டா வரையறைகளுக்கும் வந்தது. இதில் என் கருத்து: ஓடுகிற ப்ரோகிராமை அழகுக்காக மாற்றாதீர்கள். வேறு காரணத்துக்காகத் திறக்கும்போது மாற்றுங்கள்.

இரண்டு பேர் குழுவாக இருப்பதால் இன்னொன்றையும் விசாரித்து வாருங்கள்: மற்றவர்கள் சோர்ஸ் கோடை எப்படிப் பகிர்கிறார்கள் என்று. நீங்கள் ஒரு ப்ரோகிராமின் சோர்ஸ் இருக்கும் மெம்பரை உங்கள் லைப்ரரிக்குக் காப்பி எடுக்க, சீனியர் அதே மெம்பரை அவர் லைப்ரரிக்குக் காப்பி எடுக்க, கடைசியில் திருப்பி வைத்தவர் ஜெயித்தார் என்ற கதை உங்கள் இடத்திலும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) என்ற கருவிக்கு மாறியவர்கள் இப்போது நிறைய. மாறும்போது என்ன போயிற்று என்று அவர்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் எந்தத் தேதியில் மாறியது என்று சோர்ஸ் மெம்பரில் ஓரமாக நிற்குமே, அந்தத் தேதி சாதாரண ஃபைலுக்கு மாற்றினால் நிற்காது. சீனியர்கள் முதலில் மறுப்பது இதற்காகத்தான். மறுப்பில் நியாயம் இருக்கிறது. கிட்டில் யார், எப்போது, எதற்காக என்று மூன்றுமே கிடைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் சொன்னால்தான் எடுபடும். நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கணினியிலேயே ஒரு வசதி குறைகிறது என்று தோன்றினால் அதையும் அங்கே சொல்லலாம். பயனர்களின் கோரிக்கைகளை அலசி ஐபிஎம்முக்குக் கருத்துச் சொல்ல, காமன் சார்பில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களில் யாராவது மாநாட்டில் கண்ணில் படுவார்கள்.

மேனேஜருக்கான அறிக்கையில் அமர்வுகளின் சுருக்கத்தை எழுதாதீர்கள், அவர் இரண்டாம் பத்தியைத் தாண்ட மாட்டார். திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு மாற்றத்தைச் செய்து, முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். வாடிக்கையாளர் தள்ளுபடியை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. சீனியரிடம் போய், "உங்களுக்கு இத்தனை வருடமாகப் புரியாமல் இருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள், கேட்டு வருகிறேன்" என்று கேளுங்கள். முதலில், "ஒன்றும் இல்லை" என்பார். சாயங்காலம் அவராகவே உங்கள் மேஜைக்கு வருவார், அநேகமாக 1990-களில் யாரோ எழுதிவைத்துப் போன, யாரும் தொடத் துணியாத ஒரு சிஎல் (கணினிக்குக் கட்டளையிடும் மொழி) ப்ரோகிராமின் பெயரோடு. அதன் ஜாப் லாக்கையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.