சிடி44 புரதத்தைத் தாக்கினால் புற்றுநோய் வேரோடு போய்விடுமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க் கட்டிக்குள் ‘ஸ்டெம் செல்’கள் சில இருப்பதாகவும், சிடி44 என்ற புரதத்தைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம் என்றும் படித்தேன். அந்தப் புரதத்தைக் குறிவைத்து மருந்து கொடுத்தால் நோயை வேரோடு ஒழித்துவிட முடியாதா? என் அக்காவின் பயாப்ஸி அறிக்கையில் சிடி44 பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சிகிச்சையை முடிவுசெய்ய அந்தத் தகவல் இன்று தேவைப்படுவதில்லை என்பதே காரணம், பரிசோதித்தவர்கள் எதையும் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, திசுக்களிடையே உள்ள ஹையலுரானிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் புரதம் சிடி44. மார்பகப் புற்றுநோயின் ஸ்டெம் செல்களோடு, அதாவது தம்மைப் போன்றவற்றையும் பிற வகைச் செல்களையும் உருவாக்கிக் கட்டியை வளர்க்கும் செல்களோடு, அதைத் தொடர்புபடுத்தியது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு. நோயாளிகளின் கட்டியைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, சிடி44, சிடி24 ஆகிய புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடிகளை அவற்றோடு கலந்து, ஒவ்வொரு செல்லாக லேசர் கதிரின் குறுக்கே ஓடவிட்டு, எந்தச் செல் எவ்வளவு ஒளிர்கிறது என்பதை வைத்துக் கருவியால் தரம்பிரித்தார்கள். நோயெதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலிகளின் மார்பகத் திசுவில் அவற்றைச் செலுத்தியபோது, சிடி44 இருந்து, சிடி24 இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்த செல்களில் 100 மட்டுமே ஒரு கட்டியை உருவாக்கப் போதுமானதாக இருந்தது; மற்ற வகைச் செல்களைப் பல்லாயிரக்கணக்கில் செலுத்தியும் கட்டி உருவாகவில்லை. அப்படி உருவான கட்டியில் இரு வகைச் செல்களும் மீண்டும் தோன்றின என்பதுதான் என் பார்வையில் இதைவிடப் பெரிய செய்தி. ஸ்டெம் செல் என்ற பெயருக்குச் சான்றாக அமைந்தது சுண்டெலியில் நடந்த இந்தச் சோதனையே; சிடி44 செல்களைப் பிரித்தெடுக்க உதவிய அடையாளம், அவ்வளவுதான்.

அத்தகைய அடையாளம் எல்லாப் புற்றுநோய்களிலும் கிடைப்பதில்லை. அதே பல்கலைக்கழகத்தில் ஷான் மாரிசன் குழுவினர் 2008இல், எதிர்ப்பாற்றல் இன்னும் குறைந்த சுண்டெலிகளைக் கொண்டு மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு செல் கட்டியை உருவாக்கியது. சோதித்த மேற்பரப்புப் புரதங்களில் எதுவும் அந்தச் செல்களை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டவில்லை.

மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். சிடி44, ரத்த வெள்ளையணுக்கள் உள்ளிட்ட பல நல்ல செல்களிலும் இருக்கிறது. அதன் வி6 என்ற வடிவத்தைத் தேடிச் சென்று நச்சைச் சேர்க்கும் பிவாட்டுசுமாப் மெர்டான்சின் என்ற மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். அந்த வடிவம் தோல் செல்களிலும் இருப்பதால் கடுமையான தோல் பாதிப்பு ஏற்பட்டு ஒருவர் இறந்தார், ஆய்வும் நிறுத்தப்பட்டது.

இதனால் மேற்பரப்புப் புரதத்தைக் குறிவைப்பதே வீண் என்று எண்ணிவிடாதீர்கள். ஹெர்2வும் அப்படியொரு புரதம்தான்; சில மார்பகக் கட்டிகளில் அது இயல்பைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதால், அத்தகைய நோயாளிகளுக்கு அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து நல்ல பலன் தருகிறது. அக்காவின் அறிக்கையில் ஹெர்2, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஆகிய மூன்றின் முடிவுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றைத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.