சம்பளத் தேதியை முதலில் சரிசெய்யுங்கள்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 11 பேர் வேலை செய்கிறார்கள், ஒருவருக்கும் அக்கறை இல்லை. ஏன் லேட் என்றால் ரயில்வே கேட் மூடியிருந்தது என்கிறார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கூட்டியும் மாற்றமில்லை. வேலை கொடுக்கும் பார்ட்டிகள் பணத்தை இழுத்தடிப்பதால் சம்பளம் 10, 12 தேதி ஆகிவிடுகிறது, அதையும் புரிந்துகொள்வதில்லை. சொந்தக் கம்பெனி போல இவர்களை நினைக்க வைப்பது எப்படி?

பதில்: சொந்தக் கம்பெனி போல நினைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். லாபம் உங்களுக்கு, சம்பளம் அவர்களுக்கு, இதில் தப்பேதும் இல்லை. நேரத்துக்கு வர வேண்டும், பீஸ் அளவு பிசகக் கூடாது என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் சொன்ன தேதியில் சம்பளம் கொடுத்தால்தான் அப்படிக் கேட்க வாய் வரும்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே 10, 12 தேதி என்று, எனக்கு அங்கேதான் கண் நின்றது. என் அப்பா தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர். சம்பளம் தள்ளிப்போகிற மாதங்களில் வீட்டுக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார், அந்த மனசோடு மிஷின் முன்னால் நிற்கிறவருக்குக் கை எப்படி ஓடும்? நீங்கள் கூட்டின ஆயிரமும் வந்து சேர்வதற்குள் வட்டிக்குப் போயிருக்கும்.

சரி, பார்ட்டி தராமல் எங்கிருந்து கொடுப்பது? உங்களுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள், இணையத்தில் இலவசம்தான். குறு, சிறு தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, பேசிய கெடு எதுவானாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். எழுத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. பெரிய பார்ட்டியைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பீர்கள், புரிகிறது. எடுத்த எடுப்பில் நோட்டீஸ் வேண்டாம், பில்லுக்குக் கீழே உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சடித்து அனுப்புங்கள், அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அப்புறம், ஒரு மாதச் சம்பளத்தைத் தனிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வையுங்கள், டூல் வாங்கக்கூட அதைத் தொடாதீர்கள்.

11 பேர் என்றால் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கட்டாயம். சம்பளத்தில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. வீட்டில் யாருக்காவது முடியவில்லையென்றால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற தைரியம் இருக்கும், உங்களிடம் அட்வான்ஸ் கேட்டு நிற்பதும் குறையும்.

கேட் விஷயம். கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால் அது அவர்கள் தப்பில்லை, அதற்காகக் கூலியில் பிடிக்காதீர்கள். தினமும் கேட்டையே சொல்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.

ஹெல்பர் பையன்கள் இருந்தால் இரும்புச் சுருள் கூட்டவும் டீ வாங்கவும் மட்டும் வைத்திருக்காதீர்கள். தினம் அரை மணி நேரம் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளவு பார்க்கப் பழக்குங்கள், இந்த பீஸ் எந்த மிஷினுக்குள் போகப்போகிறது, அளவு தப்பினால் அங்கே என்ன ஆகும் என்று காட்டுங்கள். தொழில் கற்றதும் வேறு இடத்துக்குப் போய்விடுவான் என்று பயப்படுவீர்கள். சிலர் போவார்கள்தான், அதற்காகச் சொல்லிக்கொடுக்காமல் இருக்காதீர்கள்.