இசையமைக்கக் கணினி: அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா?

அசெம்பிள் என்றால் பிராசசர், ரேம், கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கிப் பூட்டுவது. ரெடிமேட் என்றால் கம்பெனியே பூட்டித் தருவது. லேப்டாப்பும் ஆப்பிளின் மேக்கும் இந்த வகைதான்.

இசைக்கு இதில் என்ன வந்தது? கணினி ஒலியைச் சின்னத் துண்டுகளாகத் தயாரித்து அனுப்புகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியின் அளவீடுகள். ஒரு துண்டில் 128 மாதிரி என்றால், அடுத்த துண்டுக்கு 3 மில்லிநொடிகூட அவகாசம் இல்லை. பந்தியில் சாம்பார் வாளி மாதிரி: வாளி சின்னதானால் சமையல்கட்டுக்கு ஓட்டம் அதிகம், ஒருமுறை பிந்தினாலும் இலையில் வெறும் சோறுதான். ஸ்பீக்கரில் அது 'டப்' என்று வெடிக்கும். வாளியை 1,024 ஆக்கினால் வெடிப்பு அடங்கும். ஆனால் கீபோர்டில் கட்டையை அழுத்தி 23 மில்லிநொடி கழித்தே சத்தம் வரும். வாசிக்கிற கைக்கு அது தெரியும்.

ஆகவே வேகமான பிராசசர்தான் முதல் செலவு. ஒரே அறையில் மைக் வைத்துப் பாடுபவர் என்றால் அசெம்பிள்தான் என் ஓட்டு: மைக்கில் இரைச்சல் விழாதபடி பெரிய, மெதுவாகச் சுற்றும் ஃபேன் போடலாம், ரேமைப் பிறகு கூட்டலாம். ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் புரோதான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கணினிகளில் அது மேக்கில் மட்டுமே ஓடும்.

அப்புறம், விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் ஒலி தெளிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது திரையில் படம் வரைவதற்கு, பதிவின் தெளிவு மைக்கையும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் பொறுத்தது.