அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. நான் இந்த மாத்திரையைப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 48 வயதில் மாதவிலக்கு நின்றது. போன மாதம் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் டி ஸ்கோர் (அடர்த்தியின் மதிப்பெண்) முதுகெலும்பில் மைனஸ் 2.8, இடுப்பில் மைனஸ் 1.7 என்று வந்தது. முன்பு வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்செரிச்சல் தாங்காமல் விட்டுவிட்டேன். இப்போது ராலாக்சிஃபீன் 60 மி.கி. தினம் ஒன்று எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கடைத் தம்பி "இது கேன்சருக்குக் கொடுக்கிற மாத்திரை ஆச்சே" என்றார். எதிர்வீட்டு அம்மா "ஹார்மோன் மாத்திரை, கேன்சரைக் கொண்டுவரும்" என்றார். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. பயந்துபோய் 12 நாளோடு நிறுத்திவிட்டேன். அந்த 12 நாளும் ராத்திரியில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்தன. தைராய்டு மாத்திரையும் போடுகிறேன். தை மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். அதற்கு முன் மகளைப் பார்க்க ரயிலில் டெல்லி போக வேண்டும். மாத்திரையைத் தொடரலாமா? முழங்கால் வலியும் இதில் குறையுமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குறையாது. நம் பக்கத்தில் இரண்டு வெவ்வேறு தொல்லைகளுக்கும் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் முழங்காலில் தேய்ந்திருப்பது மூட்டின் குருத்தெலும்பு. அது வலிக்கும். ஸ்கேனில் தெரிந்தது எலும்பின் அடர்த்திக் குறைவு. அது உடையும் வரை வலிக்கவே வலிக்காது. அதனால்தான் வலியில்லாத நோய்க்கு எதற்குத் தினம் ஒரு மாத்திரை என்று பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். டி ஸ்கோர் மைனஸ் 2.5, அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எளிதில் உடையும் அளவுக்கு எலும்பு அடர்த்தி குறைந்த நோய், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உங்கள் முதுகெலும்பு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இடுப்பு இன்னும் தாண்டவில்லை. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கேன்சர் விஷயம். மருந்துக்கடைத் தம்பியும் எதிர்வீட்டு அம்மாவும் ஆளுக்குக் கால்வாசி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் காற்றில் பிறந்ததும் இல்லை. 2002இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு பெண் ஹார்மோன் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியது. ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அன்றிலிருந்து 'ஹார்மோன்' என்ற சொல்லே பெண்களைக் கதிகலங்க வைக்கிறது. ஆனால் ராலாக்சிஃபீன் ஹார்மோன் இல்லை. ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்காரும் ஒரு மருந்து.

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனுக்கென்று இருக்கும் இடங்களில் இந்த மருந்து துண்டு போட்டுவிடுகிறது. வேலை எதுவும் செய்யாது, ஈஸ்ட்ரோஜனையும் உட்கார விடாது. எலும்பில் கதையே வேறு. அங்கே உட்கார்ந்து ஈஸ்ட்ரோஜன் செய்த வேலையையே தானும் செய்கிறது, அதாவது எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. கர்ப்பப்பையின் உள்சுவரையும் இது தடிக்க வைப்பதில்லை. (மாதவிலக்கு நின்றவருக்கு எந்தக் காரணத்தாலோ ஒரு சொட்டு ரத்தப்போக்கு வந்தாலும் மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது, பரிசோதித்தே ஆக வேண்டும்.)

ஆகவே உங்கள் பயம் தலைகீழாக நிற்கிறது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகை மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பை இந்த மருந்து குறைக்கிறது. எலும்புக்காக 1990களிலேயே அனுமதி பெற்ற இதற்கு, 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தடுப்புக்காகவும் அனுமதி கொடுத்தது. மருந்துக்கடைத் தம்பி சொன்னதன் வேர் அதுதான். வந்துவிட்ட புற்றுநோய்க்கு இது சிகிச்சை இல்லை. உங்கள் டாக்டர் அக்காவின் விஷயத்தைக் கேட்டறிந்துதான் இதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லவே இல்லை என்றால் இப்போதாவது சொல்லுங்கள். மாத்திரை போட்டாலும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதை விடக்கூடாது.

நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எதிர்வீட்டில் யாரும் பேசுவதில்லை. காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறைந்து கட்டியாவது, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இதய நோய் உள்ள அல்லது அதற்கு வாய்ப்பு அதிகமுள்ள 10,101 பெண்களைச் சுமார் ஐந்தரை ஆண்டு கவனித்தார்கள். பாதிப்பேருக்கு ராலாக்சிஃபீன், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களில் 103 பேருக்கு இப்படி ரத்தம் உறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 71 பேருக்கு. பக்கவாதம் வந்தவர்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, ஆனால் அதனால் இறந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 59 பேர், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 39 பேர். ஐயாயிரம் பேருக்கு இவ்வளவுதான் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு முன்பே காலிலோ நுரையீரலிலோ கண்ணின் ரத்தநாளத்திலோ ரத்தம் உறைந்திருந்தால், இந்த மாத்திரை கூடவே கூடாது. பக்கவாதமோ அதன் முன்னோட்டமோ வந்திருந்தாலும், இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருந்தாலும் டாக்டர் வேறு வழி பார்ப்பார். கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லாததால் எழுதவில்லையா, தோன்றாததால் எழுதவில்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் டாக்டருக்கு இன்னும் அதிகமாகத் தெரிய வேண்டும்.

ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பது இந்த மருந்தின் வழக்கமான தொந்தரவு. உடம்பு திடீரென்று கொதிப்பதும் அப்படித்தான். இரண்டும் ஆபத்தில்லை. படுக்கும் முன் கெண்டைச்சதையை நீட்டி மடக்கிப் பாருங்கள். ஒரே காலில் மட்டும் வீக்கம், தொட்டால் சூடு, நடந்தால் வலி என்றால் அது வேறு. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கண்ணில் பார்வை மங்குதல், வாய் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி மாதிரி அவசரப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மூட்டு ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தி, எழுந்து நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகுதான் திரும்ப ஆரம்பிப்பார்கள். அசையாமல் படுத்திருக்கும் நாட்களில்தான் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம்.

இனி, முதலில் சொன்ன அந்த வித்தியாசம். ராலாக்சிஃபீன் முதுகெலும்பின் மருந்து. 7,705 பெண்களிடம் மூன்று ஆண்டு நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 10 பேருக்கு முதுகெலும்பு நொறுங்கியது, 60 மி.கி. எடுத்தவர்களில் 100க்கு 6 அல்லது 7 பேருக்கு. இடுப்பு எலும்பு முறிவை இது குறைத்ததாக நிரூபணம் இல்லை. உங்கள் இடுப்பு தப்பித்திருக்கிறது, வார மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவரவில்லை, அக்காவுக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் இந்தத் தேர்வு எனக்குச் சரியாகவே படுகிறது. இடுப்பின் ஸ்கோரும் மைனஸ் 2.5க்குக் கீழே போயிருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் பற்றி யோசிக்கச் சொல்லியிருப்பேன். அது வயிற்றைத் தொடாது.

தைராய்டு மாத்திரையை வழக்கம்போல அதிகாலை வெறும் வயிற்றில் போடுங்கள். ராலாக்சிஃபீனை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்ட சிலருக்குத் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராமல் போனது பதிவாகியிருக்கிறது. கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையை எப்போது பார்த்தீர்கள்? தைராய்டு மருந்து அளவுக்கு மீறினால் அதுவே எலும்பை அரிக்கும்.

மாத்திரை மட்டும் போதாது, கால்சியமும் வேண்டும். உங்கள் வயதில் நாளொன்றுக்கு 1,200 மி.கி. அளவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, ஒரு 200 மி.லி. டம்ளர் பாலில் 240. ஆடி மாதக் கூழை ஆடியோடு நிறுத்த வேண்டியதில்லை. காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவது நல்லது. கருவாடு என்றால், பி.பி. இருப்பவர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ராயபுரத்தில் நான் பார்த்த முதுகெலும்பு முறிவுகளில் பல கீழே விழுந்ததால் வந்தவை அல்ல. தெரு அடிபம்பிலோ லாரியிலோ பிடித்த தண்ணீரைக் குனிந்து தூக்கும்போது வந்தவை. நிறைகுடம் 15 கிலோ வரும். குனிந்து, அதே வாக்கில் திரும்பி, இடுப்பில் ஏற்றும் அந்த ஒரு நொடியில் முதுகெலும்பு நொறுங்குகிறது. 'சுளுக்கு' என்று தைலம் தேய்த்துவிட்டு மாதக்கணக்கில் வலியோடு இருப்பார்கள். இனி குடம் உங்கள் வேலை இல்லை. வேறு வழியே இல்லாத நாளில் பாதி பக்கெட், முழங்கால் இடம் கொடுத்தால் அதை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்குங்கள். குளியலறையில் ஒரு கைப்பிடியும் வழுக்காத மிதியடியும் போட்டால் இடுப்புக்கும் பாதுகாப்பு.

பன்னிரண்டு நாளோடு நிறுத்தியதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். ரத்தம் உறைந்த சரித்திரம் இல்லை என்று அவர் உறுதிசெய்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். ஓரிரு ஆண்டு கழித்து, முடிந்தால் அதே மெஷினில், ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.

டெல்லி ரயிலில் இரண்டு இரவு. கழிப்பறைக்குப் போக அஞ்சி நம் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். இந்த மாத்திரை போடுகிறவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. தண்ணீர் குடியுங்கள், கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை பெட்டிக்குள் நடந்துவிட்டு வாருங்கள். முழங்கால் வலியில் நடக்க முடியாத நாளில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருங்கள். அந்தப் பயண நாட்களில் மாத்திரையைப் போடலாமா, நிறுத்தி வைக்கலாமா என்பதை டிக்கெட் போட்டவுடனே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.